விரிப்பின் மறுமுனை

வெண்கலம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, சலவைக்கூடம் வைத்த பெயர். அந்தப் பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் இயந்திரங்கள் எல்லாம் ஒன்றாக ஓடும்போது, காதோடு வந்து கத்தினாலும் ஒன்றும் விளங்காது. அப்படிப்பட்ட இரைச்சலில் ஒருநாள் நீராவிக் குழாய் வெடிக்கப்போவதைக் கவனித்து அவள் ஒரு கூச்சல் போட்டாள். கோடியில் சோப்புத்தூள் அள்ளிக்கொண்டிருந்தவர் வரை எல்லாரும் விழுந்தடித்து வெளியே ஓடிப் பிழைத்தார்கள். அன்றே பெயர் ஒட்டிக்கொண்டது. தொழிற்சங்கத்துக்கு அப்போது செயலாளர் இல்லை. தொண்டை இருக்கிறது, பயம் இல்லை, ஏன் எதற்கு என்று கேட்கப் புருஷனும் உயிரோடு இல்லை, வேறென்ன தகுதி வேண்டும் என்று ஆளாளுக்குப் பேசி அந்தப் பொறுப்பை அவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

சங்கம் என்றால் கொடியும் கோஷமும்தான் என்று நினைக்கிறவர்கள் அவளோடு ஒரு வாரம் அலைந்து பார்த்திருக்க வேண்டும். முக்கால்வாசி வேலை, யாராவது ஒருவருக்காக ஏதாவது ஓர் அலுவலகத்தின் மர பெஞ்சில் காத்துக் கிடப்பதுதான். பிரசவத்துக்குப் போய்வந்தால் வேலையே இல்லை என்கிறார்கள் என்று ஒருத்தி கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பாள். குடித்துவிட்டு வீட்டில் கவிழ்ந்து கிடப்பவனை மேற்பார்வையாளர் தேடுவதற்குள் முகத்தில் தண்ணீர் அடித்து இழுத்து வரவேண்டும். அவனும் சந்தா கட்டுகிறவன்தானே.

அவள் காலத்தில் சங்கம் ஜெயித்த பெரிய சண்டை கைகளுக்கானது. துவைத்த படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு எடுக்கும் இயந்திரம் ஒன்று உண்டு. இந்தப் பக்கம் இரண்டு பேர் ஈர விரிப்பை உள்ளே கொடுப்பார்கள். அந்தப் பக்கம் இரண்டு பேர் கொதிக்கக் கொதிக்க வருவதைப் பிடித்து மடிப்பார்கள். வருடக்கணக்கில் இதையே செய்தவர்களுக்கு மணிக்கட்டு நரம்பு செத்து விரல்கள் மரத்துப்போகும். வயதானால் கை வலிக்கத்தான் செய்யும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. சங்கம் வேலையை நிறுத்தியது. அழுக்கு விரிப்புகள் கூரை வரை குவிந்து, அந்த நாற்றம் மேல்மாடி அதிகாரிகளின் மூக்கை எட்டிய பிறகுதான், இது வேலை கொடுத்த நோய் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது. கை போனவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை என்று அறிவித்தார்கள்.

அதை வாங்கியவர்களில் ஒருத்தி குட்டி, வெண்கலத்தின் நாத்தனார். அண்ணன் சிறுவயதில் கூப்பிட்ட செல்லப்பெயர், அண்ணன் போய் அவளுக்குத் தலை நரைத்த பிறகும் மாறவில்லை. அண்ணியும் நாத்தனாரும் உருளையின் அந்தப் பக்கத்தில் எதிரெதிரே நின்று மடித்தவர்கள். இந்த வேலையில் கையையும் பார்ப்பதில்லை, முகத்தையும் பார்ப்பதில்லை. எதிரில் விரிப்பின் முனை நீண்டால் கை தானாகப் போய்ப் பிடிக்கும். பிடித்ததும் கால் தானாக முன்னே வரும். ஒருமுறை ஏதோ ஓர் அண்டாவுக்காக இருவரும் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. விரிப்புகள் மட்டும் மூலை பிசகாமல் மடிந்துகொண்டே இருந்தன.

குட்டியின் விரல்கள் செத்துக்கொண்டிருப்பதை முதலில் கண்டுபிடித்தது வெண்கலம்தான், குட்டிகூட இல்லை. மறுமுனை வழுக்குவது இந்த முனையில் இருந்த கைக்குத் தெரிந்தது. அப்போது உதவித்தொகைச் சண்டை முடிந்திருக்கவில்லை. கை போன விஷயம் வெளியே தெரிந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வெண்கலம் வாயைத் திறக்கவில்லை. பாரத்தைத் தன் பக்கம் வாங்கிக்கொண்டாள். துணியைத் தளரவிட்டு, ஓரத்தைத் தானே கொண்டுபோய்க் குட்டியின் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே சொருகினாள். குட்டியோ தானே மடிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். வேலையை விட்டு நின்ற அன்றும் அவளுக்கு இது தெரியாது.

உதவித்தொகை வரத் தொடங்கியதும் குட்டி ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்தாள். புருஷன் விட்டுவிட்டுப் போனதிலிருந்து சித்தி வீடு, தோழி வீடு என்று அடுத்தவர் தயவில் மூட்டையோடு திரிந்தவள். ஒரு ஜன்னல், ஒரு அடுப்பு, ஒரு கட்டில், அவ்வளவுதான் அந்த அறை. சாவியை விரலால் திருப்ப வராது. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து உருட்டி உருட்டித் திறப்பாள். உதவிக்குப் போனால் கோபம் வரும். "எனக்குன்னு ஒரு பூட்டு இருக்கு அண்ணி, நானே தொறக்கிறேன்" என்பாள்.

பிறகு அரசாங்கத்துக்குச் சிக்கனம் பிடித்தது. மேலே இருப்பவர்களின் கார் ஒன்றுகூடக் குறையவில்லை. சிக்கனம் நேராக வந்து கைகால் விளங்காதவர்களின் வயிற்றில் அடித்தது. ஏமாற்றுகிறவர்களைக் கண்டுபிடிக்கிறார்களாம். அதற்காக எல்லாரையும் மறுபடி சோதிப்பார்களாம். சங்கம் அப்போது நோஞ்சானாகியிருந்தது. சலவைக்கூடத்தில் பாதியை ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்தாகிவிட்டது; புதிதாக வந்தவர்கள் சங்கத்து அறைப் பக்கம் தலைவைக்கவே பயந்தார்கள். இருந்தும் பழையவர்கள் நலத்துறை அலுவலக வாசலை மறித்து உட்கார்ந்து ஒன்றை வாங்கினார்கள். சோதனை அறைக்குள் ஒவ்வொருவரோடும் சங்கத்து ஆள் ஒருவர் துணைக்குப் போகலாம். அந்த வருடத்தில் கிடைத்த ஒரே வெற்றி அது. அதற்கே கைதட்டி மகிழ்ந்தார்கள், பாவம்.

குட்டிக்குத் துணையாக வெண்கலமே போனாள். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. மருத்துவர் ஊசியால் குத்தியபோது குட்டிக்கு உறைக்கவில்லை; கொடுத்த குவளை கையில் நிற்காமல் விழுந்தது. படுக்கவைத்துத் தோளையும் அசைத்துப் பார்த்துவிட்டு, கிளம்பலாம் என்று சொல்லி மருத்துவர் கை கழுவப் போனார். குட்டி எழுந்த இடத்தில் கட்டில் விரிப்பு கசங்கிக் கிடந்தது. ஒப்பந்தக்காரரின் ஆட்கள் துவைத்தது, ஓரமெல்லாம் சுருக்கம். வெண்கலம் முகம் சுளித்தாள். அதுவரைதான் அவளுக்கு நினைவிருக்கிறது. அவள் கை அந்த விரிப்பை உருவி, இரண்டு முனைகளைக் குட்டியின் பக்கம் நீட்டியது. குட்டியின் கைகள் எழுந்து வந்தன. ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு, நடந்து வந்து முனையோடு முனை. கண்மூடித் திறப்பதற்குள் விரிப்பு செங்கல் மாதிரி கட்டில்மேல் இருந்தது.

மருத்துவர் ஈரக் கையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்து, எழுதியிருந்ததை அடித்துவிட்டு வேறு எழுதினார். வெண்கலம் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்தவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

படியிறங்கும்போது குட்டியின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"பாத்தீங்களா அண்ணி, கை இன்னும் மறக்கல. முழுசா செத்துடுச்சுன்னு நெனச்சேன். இன்னும் வருது."

"வருது" என்றாள் வெண்கலம். உண்மையைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

உதவித்தொகை நின்றது. சங்கம் மேல்முறையீடு போட்டது. வீட்டுக்காரர் கொஞ்ச நாள் பொறுத்தார். பிறகு, மேல்முறையீடு தோற்றால் அறையைக் காலி செய்துவிட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். குட்டி அடுப்பு மூட்டுவதைக் குறைத்தாள். எப்போது கேட்டாலும் சாப்பிட்டாச்சு என்பாள். கழுத்தெலும்பு வேறு மாதிரி சொல்லும். வெண்கலம் சங்கத்துக் கூட்டத்தில் எழுந்து, தப்பு என்னுடையது, நான்தான் முனையை நீட்டினேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். கொதிகலன் பார்க்கிறவர் தலையை ஆட்டினார்.

"நீ நீட்டலன்னா வேற சாக்கு கெடச்சிருக்கும் வெண்கலம். சோதனைக்குப் போன எடத்துல லிஃப்ட் ஓடலன்னு என் தம்பி ஒத்தக் காலோட மாடி ஏறினான். ஏற முடியுதுன்னு எழுதி நிறுத்திட்டாங்க."

அந்த மழைக்காலம் முழுக்க, வேலை முடிந்தவர்கள் முறைவைத்து நலத்துறை வாசலில் நனைந்துகொண்டு உட்கார்ந்தார்கள். இருக்கிறவர்கள் இல்லாதவர்களுக்கு அடுப்பெரியும்படி பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. மேல்முறையீட்டை விசாரிக்கவே மாட்டோம் என்றிருந்தவர்கள் கடைசியில் விசாரிக்கிறோம் என்று இறங்கிவந்தார்கள். அதற்குள் உருளையில் ஈர விரிப்பு கொடுத்துவந்த பெரியவர் ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரை விசாரணைக்கு வரச்சொல்லிய தபால், அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று வீட்டில் கிடந்தது.

குட்டியின் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த தலைவர் கெட்டவர் இல்லை, அலுத்துப் போனவர். சோதனை அறையில் கை பழக்கத்தில்தான் எழுந்தது என்று வெண்கலம் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார். வாயால் சொன்னால் போதாது என்று ஒரு விரிப்பை வரவழைத்தார்.

"அன்னைக்குச் செஞ்ச மாதிரியே ரெண்டு பேரும் மடிங்க" என்றார்.

வெளியே நிற்கும்போதே வெண்கலம் சொல்லித்தான் கூட்டிவந்திருந்தாள்: எதைக் கொடுத்தாலும் பிடிக்காதே, கையைத் தொங்கவிட்டு நில் என்று. குட்டியும் சரி சரி என்று தலையாட்டியிருந்தாள். ஆனால் முனை நீண்டதும் கை வந்துவிட்டது. இத்தனை வருடத்துக் கை, சொன்னால் கேட்குமா? இனி எல்லாம் வெண்கலத்திடம்தான் இருந்தது. கொஞ்சம் தளரவிட்டால் போதும், விரிப்பு மடிந்துவிடும், அறை போய்விடும். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் தன் முனையை ஒரு வேற்றாளைப் போல விறைப்பாகப் பிடித்தாள்.

விரிப்பு குட்டியின் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

குட்டி தரையைப் பார்த்தாள். எங்கே நிற்கிறோம், எதற்காக நிற்கிறோம் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. "இருங்க அண்ணி, வழுக்கிடுச்சு. மறுபடி குடுங்க" என்றாள். வெண்கலம் மறுபடி நீட்டினாள், மறுபடி விறைப்பாகவே பிடித்தாள். மறுபடி விழுந்தது. மூன்றாவது முறை குட்டி மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று அழுத்தி, குனிந்து தாடையால் அமுக்கி, எப்படியாவது அதை நிறுத்தப் பார்த்தாள். "போதும்மா, விடுங்க" என்றார் தலைவர். அவள் விடவில்லை. அது தானாகவே விழுந்தது.

"அன்னைக்கு வந்துச்சே அண்ணி."

"அன்னைக்கும் வரல குட்டி. நான் பிடிச்சிருந்தேன்."

"உருளையிலயுமா?"

"உருளையிலயும்தான்."



உதவித்தொகை திரும்பக் கிடைத்தது. அந்தத் தீர்ப்பைக் காட்டி சங்கம் இன்னும் சிலரை மீட்டது. மீட்க முடியாமல் போனவர்கள் அதைவிட அதிகம். செய்தி வாசலுக்கு வந்ததும் ஈரக் கொடிகளோடு நின்றவர்கள் ஓவென்று கத்தினார்கள். கொதிகலன்காரர் ஓடிவந்து வெண்கலத்தின் தோளைத் தட்டினார். ஜெயித்தவள் மாதிரியா இருக்கிறாள் இவள் என்று அவருக்கே குழப்பமாயிருந்திருக்கும்.

இருவரும் மாடி அறைக்கு வந்தார்கள். கதவருகே குட்டி நின்று, இடுப்பில் இருந்த சாவியை அண்ணியிடம் கொடுத்தாள். வெண்கலம் திறந்தாள். உள்ளே கயிற்றில் காலையில் காயப்போட்ட போர்வை உலர்ந்து கிடந்தது. அதை எடுத்து உதறியபோது வெண்கலத்தின் கை வழக்கம்போல இரண்டு முனைகளை எதிரே நீட்டியது.

குட்டி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவள் கைகள் மடியிலேயே கிடந்தன. முனையைப் பார்த்தாள், கைகள் எழவில்லை.

"நீங்களே மடிச்சிடுங்க அண்ணி" என்றாள்.

வெண்கலம் ஒரு முனையைத் தாடையில் இடுக்கிக்கொண்டு, தனியாளாக மடித்துக் கட்டிலின் ஓரத்தில் வைத்தாள். மூலைகள் சேரவில்லை.