செம்மரக் காட்டில் நைனாவின் தோள்

என் மாமாவுக்கு நேர்வழி என்றாலே ஆகாது. சந்தைக்குப் போவதென்றாலும் சந்துவழிதான். அந்த மகானுபாவரை நம்பி, நான் நாலாவது படிக்கும்போது ஒரு மார்கழிக் காலையில், ஆந்திர எல்லைக்குள் இருக்கும் எங்கள் நகரியில் பஸ் ஏறி, திருப்பதிக்கு அப்பால் இருந்த மலையருவியைப் பார்க்க நைனாவும் நானும் கிளம்பினோம். நைனா, அதாவது என் அப்பா, பவர்லூம் ஓட்டுகிறவர். வாரம் பூராவும் தறிச் சத்தத்தில் கிடந்தவருக்கு ஒருநாளாவது காட்டுக்குள் நடக்க ஆசை.

மலையில் பனி விலகவே இல்லை. எல்லோரும் போகிற பாதையை விட்டு மாமா எங்களைக் குறுக்கே இழுத்துப் போனார். கொஞ்ச நேரத்தில் பாதையும் இல்லை, ஆள் அரவமும் இல்லை. நான் வழுக்கி வழுக்கி விழுந்ததால், கீழே கிடந்த ஒரு கிளையை ஒடித்து ஊன்றிக்கொள்ளக் கொடுத்தார். ஒடிந்த இடம் மருதாணி வைத்த விரல்போலச் சிவந்திருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திரும்பிப் பார்த்த நைனாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"யோவ், இன்னாய்யா இது! செம்மரம்யா! கொயந்த கைல குட்த்து இட்டுக்கினு வர்றியே, உனக்குப் புத்தி கீதா?"

"கீய கெடந்த குச்சிதானே மச்சான்..." என்று இழுத்தார் மாமா.

"குச்சின்னு பாரஸ்ட்டுக்காரன்கிட்ட சொல்லு. தமிழ்ப் பேச்சக் கேட்டாலே மரம் வெட்ட வந்தவன்னு புட்ச்சிக்கினு பூடுவானுங்க, சுட்டாலும் சுட்ருவானுங்க."

நைனா அதைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தார். ஐயோ, நான் போட்ட கூச்சல்! அதைக் கேட்டுத்தான் காக்கிச்சட்டைக்காரர்கள் இரண்டு பேர் மேலேறி வந்தார்கள். நைனா குனிந்து என் காதில், "கண்ணு, தெலுங்குலயே பேசு. தமிழ் வாணாம்," என்றார். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, வீட்டில் தமிழ் என்று வளர்ந்தவள் நான். நைனாவே இப்படிச் சொன்னது எனக்கு ஏதோ விளையாட்டாகப் பட்டது.

"ஏ ஊரு?" என்று கேட்டார் ஒருவர்.

"நகரி, சார்."

"சொக்கா விப்பு."

அந்தக் குளிரில் நைனா சட்டையைக் கழற்றினார். அந்த ஆள் அவருடைய தோள்களை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். கட்டை சுமப்பவனுக்குத் தோளில் காய்ப்பு ஏறியிருக்கும் என்ற கணக்கெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? நைனாவுக்கு எங்கோ அடிபட்டுவிட்டது, இவர் வைத்தியம் பார்க்கிறார் என்றே நினைத்தேன். மாமாவுக்கும் அதே வைத்தியம் நடந்தது. பிறகு அவர் என்ன படிக்கிறாய் என்று என்னைக் கேட்க, நான் தெலுங்குப் பாடம் ஒன்றை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் சிரித்துவிட்டு, இறங்கிப் போகும்படி கைகாட்டினார்.

நைனா சட்டையைக்கூடச் சரியாகப் போடாமல் என்னை இழுத்துக்கொண்டு இறங்கினார். அருவியைப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் நான்தான் முந்திக்கொண்டேன். "அம்மா, காட்டுல ஒரு சாரு நைனா தோள அமுக்கி அமுக்கிப் பாத்தாரு. ஒண்ணும் இல்லன்னு வுட்டுட்டாரு."

அம்மா ஓடிவந்து நைனாவின் தோளைத் தடவிப் பார்த்தாள். பிறகு அதிலேயே முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். ஒன்றும் இல்லை என்றுதானே சொன்னேன், இதற்குப் போய் யாராவது அழுவார்களா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.