கூலருக்குள் மைனா

வடக்கே கோல் மார்க்கெட் பக்கம் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தபோது, குளிர்காலம் முழுக்கச் சும்மா கிடந்த எங்கள் ஜன்னல் கூலருக்குள் ஒரு மைனா கூடு கட்டி இரண்டு குஞ்சு பொரித்துவிட்டது. அதற்குள் வெயில் வந்தாச்சு. அக்கம்பக்கத்தில் எல்லா வீட்டிலும் கூலர் ஓடுகிறது.

"குஞ்சு பறக்கிற வரைக்கும் போடாதீங்க" என்று என் கணவரிடம் கெஞ்சினேன்.

"நான் என்ன ராட்சசனா?" என்றார். தினமும் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு மொட்டைமாடியில் படுத்த அந்த மனுஷனை நினைத்து எனக்கு ஒரே பெருமை.

ஒருநாள் கரோல் பாக் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பினால், வீடு ஜில்லென்று இருந்தது.

"ரெண்டும் ஜோராப் பறந்துடுச்சு! நானே பார்த்தேன்" என்றார்.

பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று புலம்பிக்கொண்டே, சந்தோஷத்தில் சேமியா பாயசம் வைத்தேன். இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அப்போதுதான் தாய் மைனா வந்து கூலர்மேல் உட்கார்ந்ததைப் பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அலகில் புழு. கூலரின் பக்கத் தட்டி இடுக்கில் தலையை நுழைத்துத் தேடியது. சுற்றிப்போய் மறுபக்கமும் தேடியது. புழுவைக் கீழே போடவே இல்லை.

நான் அவரைப் பார்த்தேன். அவர் டம்ளரைப் பார்த்தார்.

"எத்தனை நாள்தான் வேகறது? குவார்ட்டர்ஸ் தோட்டக்காரன்கிட்ட கூட்டை எடுத்துப் போடச் சொன்னேன்."

வெயில் தாங்கவில்லை என்று முதலிலேயே சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அதோடு தீர்ந்திருக்கும். அந்தப் பாயசத்தைக் குடித்தாரே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போதும் அவர் ஏதாவது நல்ல சேதி சொன்னால், நான் முதலில் ஜன்னலைத்தான் பார்க்கிறேன்.