தலை கிழக்கே வைத்த பிள்ளை

1931-ஆம் வருஷம் ஐப்பசி மாதம், விடாத அடைமழையில், என் நாலு வயது மகனை நான் திசை மாற்றிப் புதைத்துவிட்டேன். அந்தத் துக்கத்திலிருந்து கர்த்தர் என்னையும் என் மனைவியையும் எப்படித் தூக்கி எடுத்தார் என்பதைச் சபையாருக்குச் சொல்லாமல் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டேன். என் மனைவி ஞானம், "எழுதுறதுன்னா உள்ளத எழுதுங்க, உங்களப் பெரிய ஆளாக் காட்டி எழுதாதீங்க" என்று பக்கத்திலேயே நிற்கிறாள். ஆகவே உள்ளதையே எழுதுகிறேன்.

நான் திருச்சிராப்பள்ளியில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். கர்த்தருடைய உயிர்த்தெழுதல், பரமேறுதல், இரண்டாம் வருகை, இந்த மூன்றைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் மறுத்து ஒரு வார்த்தை பேசாவிட்டால் அந்த நாளில் எனக்குச் சோறு இறங்காது. காடாத் துணியில் பெரிய வருகைப் படம் ஒன்று வரைந்து வைத்திருந்தேன். ஒரு ஓரத்தில் காலிக் கல்லறை, நடுவில் அவர் மேகத்துக்குள் ஏறிப்போவது, மறு ஓரத்தில் கிழக்கு வானத்தில் எக்காளச் சத்தத்தோடு அவர் திரும்பி வருவது. அதைச் சுருட்டிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு காட்டூர், எடமலைப்பட்டி புதூர் என்று சாயங்காலக் கூட்டங்களுக்குப் போவேன். கர்த்தர் வரும்போது சபை வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவது முதலிலா, பூமியில் உபத்திரவ காலம் முதலிலா என்று எங்கள் உபதேசியாரோடு ஒருமுறை ஜங்ஷனில் நின்று வாதாடினதில், பாவம், அவர் ரயிலையே விட்டுவிட்டார். "ஆண்டவர் வர்றப்பகூட நீங்க யாரோடயாவது சண்டை போட்டுட்டுத்தான் இருப்பீங்க" என்பாள் ஞானம்.

நம்முடைய வழக்கம் உங்களுக்குத் தெரியும். அடக்கம் பண்ணும்போது தலை மேற்கே, கால் கிழக்கே. கிழக்கிலிருந்து வருகிற கர்த்தரை எழுந்தவுடன் முகத்துக்கு நேராகப் பார்க்க வேண்டும் என்று வைத்த வழக்கம் அது. படத்தில் அதைக் கோலால் தொட்டுக் காட்டி நான் சொல்லாத கூட்டமே இல்லை.

எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்தவன் ஜெயராஜ். வீட்டில் ராசு. புதன்கிழமை காய்ச்சல் வந்தது. தொண்டை அடைப்பான் என்று டாக்டர் சொன்னார். வெள்ளிக்கிழமை விடியும்முன் போய்விட்டான். ஞானம் மயங்கி விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. தொற்று வியாதி, அன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். போதகர் ஐயா கிராமச் சபைகளுக்குப் போனவர் மழையில் மாட்டிக்கொண்டார். குழி வெட்டுகிறவர் குடிசையில் தண்ணீர் ஏறி அவர் எங்கேயோ போயிருந்தார். ஞானத்தின் அண்ணனும் பக்கத்து வீட்டுக்காரர் இருவரும் நானுமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். உபதேசியார் குடையோடு பின்னால் வந்தார்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். ஆகவே சுற்றிப் போய்ப் பின்பக்கம் இடிந்த சுவர் வழியாக உள்ளே இறங்கினோம். குழந்தைகளை வைக்கிற மூலையில் கல் ஏதும் கிடையாது, மண்மேடுகளும் கரைந்துபோயிருந்தன. நம் ஊரில் மலைக்கோட்டையைப் பார்த்துத்தான் திசை சொல்லுவோம். அன்றைக்கு அந்த மலையே தெரியவில்லை, அவ்வளவு மழை. குழி வெட்டி முடித்ததும் மச்சான் கேட்டார்: "மாப்பிள்ள, தலை எந்தப் பக்கம்?"

நான் யோசிக்கவே இல்லை. முன்வாசல் வழியாகவே வந்து பழகின நினைப்பில் கையை நீட்டிக் காட்டினேன். டிராயிங் மாஸ்டர் காட்டினால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர்களும் அப்படியே இறக்கினார்கள்.

எட்டாம் நாள் வெயில் வந்தது. மரச் சிலுவை ஒன்றுக்கு வெள்ளை பூசி எடுத்துக்கொண்டு காலையிலேயே போனேன். முன்வாசல் வழியாக நுழைந்து மூலைக்கு வந்து நின்றேன். சூரியன் மேலே வந்துகொண்டிருந்தது. தலைமாட்டில் அடையாளத்துக்கு நான் வைத்த கருங்கல் சூரியன் பக்கம் இருந்தது. மலைக்கோட்டையைப் பார்த்தேன். திரும்பக் கல்லைப் பார்த்தேன். என் பிள்ளையின் தலை கிழக்கே, கால் மேற்கே. கர்த்தர் வரும்போது என் ராசு அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழுந்திருப்பான்.

அப்போது இன்னொரு தப்பும் செய்தேன். கல்லைப் பிடுங்கி எறிந்துவிட்டு, எல்லாம் முறைப்படி இருக்கிறது என்று காட்டச் சிலுவையை மேற்கு ஓரத்தில் நட்டுவிட்டு வந்தேன்.

ஞானம் எழுந்து நடமாடத் தொடங்கியதும் ஞாயிறுதோறும் அங்கே போவாள். சிலுவைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதுதான் தலை என்று நினைத்து, தலை வாரிவிடுகிற மாதிரி மண்ணைத் தடவுவாள். "முடி வளர்ந்துடுச்சு, வெட்டிவிடணும்னு இருந்தேன்டா" என்று அவனோடு பேசுவாள். அவள் தடவினது பிள்ளையின் கால்மாட்டை. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் போல ஒரு தண்டனையை என் பகையாளிக்கும் நான் கேட்க மாட்டேன்.

போதகர் ஐயாவிடம் ரகசியமாகப் போய், குழியைத் திறந்து திருப்பி வைக்க விடுங்கள் என்று அழுதேன். "தொண்டை அடைப்பான்ல போன பிள்ளை மாஸ்டர். சுகாதார ஆபீஸ்ல சம்மதிக்க மாட்டாங்க. ஜெபம் பண்ணுங்க" என்றார். ஜெபமும் எனக்கு வரவில்லை. எடமலைப்பட்டி புதூரில் ஒரு கூட்டம். படத்தை விரித்து, கிழக்கு மேகத்தில் கோலை வைத்தேன். வாய் திறக்கவில்லை. ஜனங்கள் காத்திருந்து காத்திருந்து ஒரு பாட்டுப் பாடிக் கலைந்து போனார்கள். படத்தைச் சுருட்டிப் பரண்மேல் போட்டேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பண்டிதர் ஸ்ரீரங்கத்துக்காரர், சடகோபாச்சாரியார். பகல் சாப்பாட்டு வேளையில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் துருவித் துருவிக் கேட்டார். அவரிடம் கொட்டிவிட்டேன். கையிலிருந்த புஸ்தகத்தை மூடி வைத்தார்.

"எங்க பெருமாள் தெக்கே பார்த்துண்டு சயனிச்சிண்டிருக்கார். வடக்கே நின்னு கூப்பிடறவா குரல் அவருக்குக் கேக்காமலா போயிடறது? அது கிடக்கட்டும் ஓய். இதை உம்ம ஆத்துக்காரிகிட்ட சொன்னீரா?"

"இல்ல சாமி."

"மொதல்ல அதைச் சொல்லும். பெத்தவளை ஏமாத்திண்டு பகவான்கிட்ட என்னத்தைக் கேக்கப் போறீர்?"

அவர் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர் அல்ல. ஆனாலும் அன்றைக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னவர் அவர்தான். அந்த மனுஷனுக்கு நான் என்றும் கடமைப்பட்டவன்.

அன்று சாயங்காலமே ஞானத்திடம் சொன்னேன். சிலுவையை மாற்றி நட்டதையும் சொன்னேன். அவள் கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அண்ணன் கேட்டப்ப, நீங்கதான் கை காட்டினீங்களா?"

"ஆமா."

மறுநாள் துணியை மூட்டை கட்டிக்கொண்டு காட்டூருக்கு, அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அது மார்கழி. கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. கோயிலுக்கும் போவதில்லை, வேதத்தைத் தொடுவதில்லை என்று மச்சான் வந்து சொன்னார். நான் மூன்று முறை போனேன். சோறு போட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளையை இழந்தேன், அவளையும் இழந்துவிட்டேன், அவளுடைய விசுவாசத்தையும் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தபோதுதான் என் வாய் அடங்கி முழங்கால் மடங்கிற்று. தினமும் ஒரே ஜெபம்: "ஆண்டவரே, நான் தப்பாக வைத்ததைச் சரியாக்க எனக்குக் கை இல்லை. நீர் சரியாக்கும். ஞானத்தைத் திரும்பத் தாரும்." அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மாசியும் போயிற்று. பதில் இல்லை.

பங்குனியில் உயிர்த்தெழுந்த பண்டிகை வந்தது. அன்று விடியலில் சபையாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், மெழுகுவர்த்தி ஏற்றி, கிழக்கு முகமாக நின்று பாடுவது எங்கள் வழக்கம். நான் கடைசியில் நின்றேன். பார்த்தால், ராசு கிடக்கிற மூலையில் ஞானம் அண்ணனோடு வந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நான் மெல்லப் போய்ப் பத்தடி தள்ளி நின்றேன்.

உபதேசியார் பாடம் வாசித்தார். விடியற்காலையில் கல்லறைக்கு வந்த மகதலேனா மரியாளின் கதை. அவள் கல்லறைக்குள்ளேயே பார்த்து அழுகிறாள். கர்த்தர் பின்னால் நிற்கிறார். திரும்பிப் பார்த்தும் அவரைத் தோட்டக்காரர் என்று நினைத்துக் கல்லறைப் பக்கமே பார்க்கிறாள். அப்புறம் அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். அவள் திரும்புகிறாள்.

"என்னங்க!"

ஞானத்தின் குரல். நாலு மாதத்துக்கப்புறம் நான் கேட்ட முதல் வார்த்தை. உபதேசியார் வாசிப்பதையே நிறுத்திவிட்டார். அவள் எழுந்து வந்து என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டீங்களா? அவளும் முதுகக் காட்டிக்கிட்டுத்தான் நின்னிருக்கா. அவரு பேரச் சொன்னதும் திரும்பிட்டா. நம்ம புள்ள என்னைக்குங்க நம்ம மூஞ்சியப் பார்த்துட்டு நின்னான்? எறும்பு போற பக்கந்தான் குனிஞ்சிட்டு இருப்பான். 'ராசு'ன்னா போதும், வெடுக்குன்னு திரும்பி ஓடி வருவானே! ஆண்டவருக்கு அவன் பேரு தெரியாதா?"

அந்த அதிகாரத்தை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். என் படத்திலும் காலிக் கல்லறைக்குப் பக்கத்தில் மரியாளை வரைந்திருக்கிறேன். கர்த்தருக்கு நேர் எதிரே, கைகூப்பி, அழகாக நிற்கிற மாதிரி! முதலில் அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது இத்தனை வாதம் பண்ணின எனக்குத் தெரியவில்லை. நாலு மாதம் வேதத்தைத் தொடாத என் மனைவிக்கு ஒரே வாசிப்பில் தெரிந்தது. இரண்டு பேரும் அங்கேயே கட்டிக்கொண்டு அழுதோம். சபையில் பாதிப்பேர், என்னவென்று தெரியாமலே, எங்களோடு அழுதார்கள். உபதேசியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதியை வாசித்தார்.

அன்றைக்கே ஞானம் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். சிலுவையைப் பிடுங்கிக் கிழக்கு ஓரத்தில், ராசுவின் உண்மையான தலைமாட்டில் நட்டோம். குழியைத் தோண்ட வேண்டியிருக்கவில்லை. நான் கேட்டது கிடைத்தது, நான் நினைத்த வழியில் அல்ல.

அதற்கப்புறம் வருகையைப் பற்றி நான் யாரோடும் சண்டை போடுவதில்லை. முதலில் இதுவா, அதுவா என்று கேட்டால், "அவர் வருவார், நம்மைத் தெரியும்" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். சாவு விழுந்த வீடுகளுக்கு இருவருமாகப் போய் உட்காருகிறோம். போன வருஷம், யுத்தத்துக்குத் தப்பிப் பர்மாவிலிருந்து கால்நடையாக வந்த ஒரு சகோதரி, புருஷனைக் காட்டுவழியில் விட்டுவிட்டு வந்தவர், "குழிகூட வெட்டலையே, எந்தத் திக்கப் பார்த்து அழுவேன்" என்று கேட்டார். ஞானம் அவர் புருஷனுடைய பேரைக் கேட்டாள். அவர் சொன்னார். "அது போதும்மா, ஆண்டவருக்கும் அது தெரியும்" என்று சொல்லி அவரை மடியில் சாய்த்துக்கொண்டாள்.

இதை வாசிக்கிற நீங்களும் ஏதோ ஒன்றைத் தப்பாகச் செய்துவிட்டு, இனி திருத்த முடியாது என்று மறைத்து வைத்திருக்கலாம். தயவுசெய்து மறைக்காதீர்கள். சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லிவிட்டு ஆண்டவரிடம் போங்கள். நாலு மாதம் ஆனாலும் காத்திருங்கள். என்னைப் போன்ற வாயாடியையே கேட்டவர் உங்களைக் கேட்காமல் போகமாட்டார்.

இந்த வருஷம் போதகர் ஐயாவிடம் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறோம். ஞானம் சொல்ல நான் எழுதினேன், இருவரும் கையெழுத்துப் போட்டோம். எங்கள் காலம் முடியும்போது எங்களை ராசுவுக்குப் பக்கத்தில், அவனைப் போலவே தலையைக் கிழக்கே வைத்து அடக்கம் பண்ண வேண்டும் என்று. "இது என்னம்மா, ஊர்ல இல்லாத வழக்கம்?" என்று ஐயா முகத்தைச் சுளித்தார்.

"புள்ள தனியாத் திரும்ப வேணாங்க ஐயா" என்றாள் ஞானம். "நாங்களும் கூடத் திரும்புறோம்."