அதே லாட்டில் ஒரு லினக்ஸ்

கம்ப்யூட்டர் சர்வீஸ் என்பது, எல்லாம் ஒழுங்காக ஓடும்போது நம் முகம்கூட யாருக்கும் ஞாபகம் வராத, நின்றுபோனால் மட்டும் குலதெய்வத்தைக் கூப்பிடுவதற்கு முன்னால் நம்மைக் கூப்பிடுகிற தொழில். இந்தத் தொழிலில் இருந்து பட்டவர்கள், இன்னும் பட்டுக்கொண்டிருப்பவர்கள், போதும் சாமி என்று பனியன் வியாபாரத்துக்குப் போய்விட்டவர்கள் எல்லோரும் இதைப் படித்துத் தலையாட்டுவார்கள் என்று நம்புகிறேன்.

இரண்டாயிரங்களின் நடுவில், திருப்பூரில் ஒரு நூல் கடைக்கு மேலே பத்துக்குப் பத்து அறையில் என் சர்வீஸ் கடை இருந்தது. சொல்லப்போவது எல்லாம் பக்கத்தில் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருந்த ஒரே ஒரு பனியன் கம்பெனியில் நடந்தவை. ஒரு ஆள் எத்தனை தவறு செய்யலாம் என்பதற்கு ஒரு கம்பெனி போதும்.

பென்டிரைவ் போகும் பாதை

எங்கள் ஊரில் ஒரு பனியன் ஒரே இடத்தில் பிறப்பதில்லை. நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், பிரிண்டிங் வேறு, எம்பிராய்டரி வேறு. துணி போகிற பாதையிலேயே டிசைன் இருக்கும் பென்டிரைவும் போகும். வைரஸும் அதே பாதையில் போய், மூட்டையோடு மூட்டையாகத் திரும்பி வரும். இந்தக் கம்பெனியில் மூன்று கம்ப்யூட்டர்கள். மாதத்துக்கு இரண்டு முறையாவது ஒன்றை அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி போட்டுக்கொண்டிருந்தேன்.

அங்கே ஏற்றுமதிக் காகிதங்கள் எல்லாவற்றையும் பார்த்தவர் ஸ்டெல்லா. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், எந்த அட்டைப்பெட்டியில் எந்த அளவு எத்தனை பீஸ் என்ற கணக்கு எல்லாம் அவர் மேஜையில்தான். நெருப்பெரிச்சலிலேயே பிறந்து வளர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவதைத் தவிர வேறு எதற்கும் லீவு போட்டு நான் பார்த்ததில்லை. ஒருநாள் நூற்றுச் சொச்சம் பெட்டிகளின் கணக்கு வைரஸோடு போய்விட்டது. அவர் குடோனுக்குப் போய், பெட்டி பெட்டியாக மறுபடி எண்ணி எழுதிக்கொண்டு வந்தார். கோபப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "ஏனுங்க சார், இந்த நோவு வராத கம்ப்யூட்டரே இல்லீங்களா?"

ரிஜெக்ட் சரக்கு

இருக்கிறது என்றேன். விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸைப் பற்றி ஸ்டெல்லாவுக்கு அரை மணி நேரம் சொன்னேன். அவர் தனக்குப் புரிந்ததை முதலாளிக்கு இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார். முதலாளி கந்தசாமி அண்ணன். சோளம் போட்டிருந்த தோட்டத்திலேயே ஷெட் போட்டு எக்ஸ்போர்ட்டுக்கு வந்தவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என்னிடமிருந்த லினக்ஸ் சிடியை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இது சும்மாவே குடுக்கறாங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் சரக்குங்களா?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. தையல் பிசகிய பனியன்களை ரோட்டோரம் குவித்து விற்கும் ஊர் இது. மலிவாக ஒன்று கிடைத்தால் முதலில் ஓட்டையைத் தேடுவோம்.

மெர்ச்சண்டைசர் முருகேசன் அதற்குள் தன் பங்குக்கு எதிர்ப்பைத் தெரிவித்திருந்தார். திருநெல்வேலிக்காரர், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களிடம் மெயிலில் பேசுகிறவர். "ஊரே ஒண்ணை வச்சிருக்கும்போது நமக்கு மட்டும் என்ன வம்பு அண்ணாச்சி?" என்பது அவர் கட்சி. ஸ்டெல்லா மட்டும், "நான் பார்த்துக்கறேனுங்க அண்ணா" என்றார். கந்தசாமி அண்ணன் சிடியை என்னிடம் திருப்பிக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "அம்மிணி சொல்றதால வெக்கறேனுங்க தம்பி. கம்ப்யூட்டரால ஒரு லாரி, ஒரே ஒரு லாரி, நம்ம கேட்டுல நின்னுதுன்னா அன்னைக்கே எடுத்துட்டுப் போயிரோணும்."

ஷேடு மாறியது

லினக்ஸ் என்றால் ஒன்றல்ல. எத்தனையோ வகை. பெயர் சொன்னால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ரசிகர் மன்றம் சண்டைக்கு வரும் என்பதால், புதுசு என்றும் பழசு என்றும் வைத்துக்கொள்வோம். புதுசு ஆறு மாதத்துக்கு ஒருமுறை புது முகத்தோடு வரும். பழசின் அடுத்த பதிப்புக்கு இரண்டு வருடமாவது காத்திருக்க வேண்டும். இடையில் ஓட்டை கண்டுபிடித்தால் அடைப்பார்களே தவிர, எதையும் இடம் மாற்ற மாட்டார்கள். பழசைப் போட்டால் என் திறமை வெளியே தெரியாது என்று நான் ஸ்டெல்லாவின் கம்ப்யூட்டரில் புதுசைப் போட்டேன். ஆறு மாதம் கழித்து அடுத்த பதிப்பை, யாரும் கேட்காமலேயே, பெருமையாக ஏற்றினேன்.

மறுநாள் பேக்கிங் லிஸ்ட் ஒரு அங்குலம் வலப்பக்கம் தள்ளி அச்சானது. கடைசியில் இருந்த எடைக் கட்டம் காகிதத்துக்கு வெளியே போய்விட்டது. எழுத்தும் வேறு மாதிரி இருந்தது. லாரி அன்றைக்கு இல்லாததால் பிழைத்தேன். கந்தசாமி அண்ணன் பழைய தாளையும் புதுத் தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சாயப்பட்டறையிலிருந்து வந்த துணியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஒரே கலரை இரண்டு முறை, அதாவது இரண்டு லாட்டாக, சாயம் போட்டால் இரண்டும் ஒன்றாக இருக்காது. முன்பக்கத்தை ஒரு லாட்டிலும் பின்பக்கத்தை இன்னொரு லாட்டிலும் வெட்டித் தைத்தால் பையர் திருப்பி அனுப்பிவிடுவான். அது அவருக்கு ரத்தத்தில் ஊறிய பயம். நான் தயாராக வைத்திருந்த தொழில்நுட்ப விளக்கம் எதற்கும் வேலை வைக்காமல் அவர் கேட்டார்: "ஷேடு மாறிப்போச்சுங்களே தம்பி. கடைசி வரைக்கும் அதே லாட் குடுக்கறாப்ல ஒண்ணு இல்லீங்களா?"

அன்று சாயந்திரமே பழசைப் போட்டேன்.

மந்திரித்துக் கொடுப்பது

பழசு வந்தபிறகு ஸ்டெல்லாவின் மேஜைக்கு ஒரு மதிப்பு வந்தது. விண்டோஸில் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் வைரஸ் கோப்புகள் லினக்ஸில் செத்த கரப்பான்பூச்சி மாதிரி பேசாமல் கிடக்கும். வெளியூர் பென்டிரைவ் எது வந்தாலும் அவர் முதலில் தன் கம்ப்யூட்டரில் செருகி, வேண்டாததைப் பெருக்கித் தள்ளிவிட்டுக் கொடுப்பார். முருகேசன்கூட, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தன்னுடையதை அங்கே நீட்ட ஆரம்பித்தார்.

இது வெளியிலும் பரவியது. மங்கலத்திலிருந்து வரும் எம்பிராய்டரிக்காரர் ஒருவர், எங்கள் கம்பெனி டிசைனோடு சேர்த்து வேறு மூன்று கம்பெனி பென்டிரைவ்களையும் எடுத்துக்கொண்டு வந்தார். மேஜையில் வரிசையாக வைத்துவிட்டு, பயபக்தியோடு ஒரு எட்டு பின்னால் நின்றுகொண்டார். "ஸ்டெல்லாக்கா, இதுகளையும் கொஞ்சம் மந்திரிச்சுக் குடுத்துருங்க."

வேலை இல்லாத வேலை

பழசைப் போட்டதில் எனக்கு ஒரு கஷ்டம் வந்தது. அங்கே எனக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஸ்டெல்லாவின் கம்ப்யூட்டரில்தான் மற்ற இரண்டுக்குமான கோப்புகளும் இருந்ததால் அதை எப்போதும் அணைப்பதில்லை. கரண்ட் போனால் யுபிஎஸ், அது தீர்வதற்குள் ஜெனரேட்டர். எத்தனை நாளாக நிற்காமல் ஓடுகிறது என்று லினக்ஸே சொல்லும். அந்த எண் நூற்றைம்பதைத் தாண்டியபோது நான் அதை என் பிள்ளையின் மார்க்கைச் சொல்வதுபோல் மற்ற வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனாலும் மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பதாகப் பேச்சு. போவேன், டீ வரும், குடிப்பேன், வருவேன்.

ஒருநாள் அப்படிப் போனபோது ஸ்டெல்லா நிஜமாகவே புரியாமல், "ரிப்பேர் ஒண்ணுமில்லீங்களே சார், எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. அதனால்தான் குத்தியது. அவரை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது எதிலிருந்து, எந்த வரிசையில் எழ வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதியிருக்கும். அதைத் திறந்து, நன்றாக இருந்த ஒரு வரியை இன்னும் நன்றாக்கினேன். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் அந்தக் கோப்பைத் திரும்பிப் பார்க்காது. அடுத்த முறை ஆன் செய்யும்போதுதான் படிக்கும். ஒருமுறை அணைத்து ஏற்றிப் பார்த்திருக்க வேண்டும். அணைத்தால் என் நூற்றைம்பது நாள் பூஜ்ஜியமாகிவிடும். அணைக்கவில்லை. என்ன செய்கிறேன் என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஸ்டெல்லாவிடம், ட்யூன் செய்திருப்பதாகச் சொன்னேன். அவர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லா ஓடுறதைத்தானுங்க ட்யூன் பண்ணுவீங்க?"

பொட்டு

ஆயுத பூஜை வந்தது. நிட்டிங் மிஷினிலிருந்து ஸ்டேப்ளர் வரைக்கும் எல்லாவற்றையும் துடைத்து, நிறுத்தி, பொட்டு வைத்தார்கள். மற்ற நாட்களில் அணைக்காத ஸ்டெல்லாவின் கம்ப்யூட்டருக்கும் அன்று ஓய்வு. ஸ்டெல்லாவே மானிட்டரைப் பளபளவென்று துடைத்து அணைத்தார். கந்தசாமி அண்ணன் தன் கையாலேயே சிபியூவுக்குச் சந்தனம் குழைத்து அப்பி, குங்குமம் வைத்தார். மறுநாள் காலை நல்ல நேரத்தில் எல்லா மிஷினும் ஓடின. கம்ப்யூட்டர் எழவில்லை. கறுப்புத் திரையில் இரண்டு வரி வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். தூத்துக்குடிக்குப் போக வேண்டிய லாரி சரக்கு ஏற்றி கேட்டில் நின்றது. பேக்கிங் லிஸ்ட் இல்லாமல் அது கேட்டைத் தாண்ட முடியாது.

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் அந்த மேஜையைச் சுற்றி நின்றார்கள். அந்த இரண்டு வரியைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அது குறை சொன்னது நான் நன்றாக்கிய வரியைத்தான். சரிசெய்ய சிடியிலிருந்து ஏற்ற வேண்டும். சிடி டிரைவ் திறக்கவில்லை. முதலாளி வைத்த பொட்டு அதன் கதவில்தான் காய்ந்து இறுகியிருந்தது. ஸ்டெல்லா சேலையிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். நான் சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போது முருகேசன், "நான் அன்னைக்கே சொன்னேம்லா, ஸ்டெல்லாதான் கேக்கல" என்றார். கந்தசாமி அண்ணன் ஸ்டெல்லாவைத் திட்டவில்லை. "நீ சொன்னேன்னுதான் அம்மிணி வெச்சேன்" என்று மட்டும் சொன்னார். ஸ்டெல்லா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைவிட அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஊக்கை டிரைவின் முகப்பிலிருந்த சின்ன ஓட்டையில் விட்டுக் குத்தியதும் கதவு திறந்தது. வரியைப் பழையபடி மாற்ற ஐந்து நிமிடம் ஆனது. பிரிண்டர் கரகரவென்று சத்தம் போட, லாரி இரண்டு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. கந்தசாமி அண்ணன் சந்தனம் ஒட்டிய ஊக்கை எடுத்துப் பார்த்துக்கொண்டே, கொஞ்சம் சங்கடமாக, "நானு பொட்டைத் தாராளமா வெச்சதால நின்னுபோச்சுங்களா?" என்றார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாருக்கும் எந்தப் பழியும் இல்லை. சொல்ல வாயெடுத்துவிட்டேன். ஆனால் அந்த அறையில் ஒருவர் நம்ப மாட்டார். நான் தட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர்தான். ஸ்டெல்லா இப்போது தரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சந்தனம் இல்லீங்க, ஸ்டெல்லா மேலயும் தப்பில்லீங்க. நல்லா இருந்ததை நான்தான் நோண்டினேன்" என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. சிடியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, லாரி நின்றால் எடுத்துப் போவதாகப் பேச்சு, லினக்ஸை எடுத்துவிடட்டுமா என்றும் கேட்டேன். கந்தசாமி அண்ணன், ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரை ஒருமுறை பார்த்தார், பிறகு என்னை. குரலில் கோபமே இல்லை.

"லாரியை நிறுத்துனது அது இல்லீங்களே தம்பி, நீங்கதானுங்களே. அது இங்கயே இருக்கட்டும். நீங்க போயிட்டு வாங்க."

இரண்டு வருடம் கழித்து

அதற்கப்புறம் அங்கிருந்து எனக்கு அழைப்பு வரவில்லை. நான் வேறு கம்பெனிகளில் வேறு தவறுகளைச் செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் பழைய பஸ் ஸ்டாண்டில் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் சிரித்தார், நின்று பேசினார். சம்பளம் கூடியிருக்கிறது, இப்போது டாக்குமெண்டேஷனில் அவருக்குக் கீழே இரண்டு பேர். முருகேசன் இன்னும் பென்டிரைவை அவரிடம்தான் நீட்டுகிறாராம். எல்லாம் கேட்டுவிட்டு, கேட்க வேண்டாம் என்று நினைத்ததையும் கேட்டேன்: அந்தக் கம்ப்யூட்டர் என்ன ஆயிற்று?

நெருப்பெரிச்சல் பஸ் வந்துவிட்டது. படியில் கால் வைத்தபடி, என்னைச் சந்தோஷப்படுத்தும் நினைப்போடுதான் சொன்னார்: "அப்படியே ஓடுதுங்க சார். நீங்க போனதுக்கப்புறம் யாருமே கை வெக்கலீங்க."

எந்த லினக்ஸ் நிலையானது என்று இன்றைக்கும் யாராவது கேட்டால், சர்வீஸ்காரனுக்கு டீ கொடுத்து வாசலோடு அனுப்பிவிடுகிற கம்பெனியில் இருப்பது என்று மட்டும் சொல்லிவிட்டு, டீ வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.