மாட்டுக்கொட்டகை விட்டத்தில் தொங்கிய பூட்ஸ்

பூட்ஸ் வாங்கத் தெரியாத வீட்டில் வாழ்க்கைப்பட்டேன் என்று சொன்னால் இப்போதுள்ள பெண்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் எங்கள் பருத்திப்பட்டில் பூட்ஸ் போட்ட கால் ஏது? செருப்பே வெளியூர் போகும்போதுதான். அப்படிப்பட்ட ஊரில் ஒரு ஜோடி பூட்ஸால் என் வீட்டுக்காரருக்குக் காலும் கெட்டது, கையில் வந்த வேலையும் போயிற்று. பழி மட்டும் என்மேல் நின்றது. பழி போட்டவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் இருக்கிறேன். எழுத்துக் கூட்டி எழுதவும் பழகிக்கொண்டேன். அதனால் எழுதுகிறேன்.

அந்த வருஷம் ஏரி வற்றிப்போய், குத்தகை நிலம் வெடித்துக் கிடந்தது. சவ்வாது மலையில் காடு அளக்கப் போகும் கூட்டத்துக்குச் சங்கிலி பிடிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று ஆவடியில் பேச்சு வந்தது. ஒரு பருவம் தாக்குப்பிடித்தால் வேலை நிரந்தரம். என் வீட்டுக்காரர் பெயர் கொடுத்தார். கோவில்பதாகையில் இருந்த அவருடைய சித்தப்பா மகனும் கொடுத்தார். ஆள் எடுத்த மேஸ்திரி வேறு எதையும் கேட்கவில்லை. கணுக்கால் மூடுகிற பூட்ஸ் அவரவர் வாங்கிக்கொண்டு வர வேண்டும், மலையில் கால் கெட்டவனைத் திருப்பி அனுப்பிவிடுவோம், அவ்வளவுதான் என்றார்.

ஆகவே எங்கள் பிழைப்பு இனி அவர் காலில் இருந்தது. இது எனக்குப் புரிந்தது. அந்த வீட்டில் வேறு யாருக்கும் புரியவில்லை.

பூந்தமல்லியில் பூட்ஸ் தைக்கிற பாய் ஒருவர் இருந்தார். அங்கே நானும் கூடப் போனேன். பெண்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று மாமியார் முனகினார். என் வீட்டுக்காரர் பளபளப்பைப் பார்த்தால் மயங்குகிற ஆள். நானோ கல்யாணத்துக்கு முன்னால் ரோட்டு வேலையில் ஜல்லி சுமந்தவள். கல் காலை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

வெயிலில் நடந்தே போனோம். பாய் இரண்டு ஜோடி எடுத்து வைத்தார். ஒன்று அவர் தைத்த புதுசு, முகம் தெரிகிற மினுக்கு. இன்னொன்று பட்டாளத்து பூட்ஸ். எவனோ சோல்ஜர் போட்டுக் கழித்தது, நிறம் செத்தது, அடியில் ஆணி வரிசை. விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நான் பழசுக்குள் கையை விட்டு ஆணி முனை ஏதாவது உள்ளே எட்டிப் பார்க்கிறதா என்று தடவினேன். வளைத்துப் பார்த்தேன். விரல் மடங்குகிற இடத்தில் மடங்கியது, நடுவில் முறுக்கினால் அசையவில்லை. குதிகால் பக்கத்தை அமுக்கினேன். கல் போல நின்றது.

"இன்னா தங்கச்சி, சந்தையில மாட்டுக்குப் பல்லு புடிச்சுப் பாக்கற மாதிரி பாக்கற?" என்று பாய் சிரித்தார்.

"மாடு சரியில்லன்னா திருப்பி ஓட்டிகினு வந்துடலாம் பாய். காலு போனா எங்க ஓட்டிகினு வர்றது?"

"அண்ணாத்தே, உன் சம்சாரத்தையே மலைக்கு அனுப்பிட்டு நீ ஊட்ல சோறாக்கு" என்றார் அவரிடம்.

கடைக்கு எதிரே ரோட்டுக்குக் கொட்டிய ஜல்லிக் குவியல் இருந்தது. இரண்டு ஜோடியையும் மாட்டிக்கொண்டு அதன்மேல் ஏறி இறங்கச் சொன்னேன். ஏறும்போது எல்லா பூட்ஸும் நல்ல பூட்ஸ்தான். இறங்கும்போதுதான் குணம் தெரியும். புதுசு போட்டு இறங்கியபோது விரல் முன்னால் போய் முட்டி முகம் சுளித்தார். பழசு போட்டு இறங்கியபோது ஒன்றும் சொல்லவில்லை. சேற்றிலேயே பிறந்து வளர்ந்து பரந்த கால் அவருக்கு. அந்த அகலத்துக்குப் பழசு இடம் கொடுத்தது. அதையே வாங்கினோம்.

வீட்டு வாசலில் மாமியார் அதைப் பார்த்தார். "இது இன்னாடி?"

"பட்டாளத்து பூட்ஸ் அத்தே. நல்லா ஒழைச்சது."

"எவன் போட்டது? செத்தவனா, கீறவனா?" எனக்குத் தெரியாது. "ஊரான் கால்ல கெடந்தத எம் புள்ள கால்ல மாட்டப் பாக்கறியா? கோயில்ல செருப்பு காணாப்போனா சனி தொலஞ்சதுன்னு சந்தோசப்படறோம். நீ எவனோ தொலச்ச சனியக் காசு குடுத்து வாங்கினு வந்துகீற!"

"சனி புடிக்கறதா இருந்தா என்னைப் புடிக்கட்டும் அத்தே. அவரு கால் நல்லா இருக்கட்டும்."

என் வீட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டே இருந்தார். ஜல்லிமேல் ஏறி இறங்கிய கால் அவருடையது. எது வலித்தது, எது வலிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் விடியலில் பூந்தமல்லிக்குப் போன நெல் வண்டியில் ஏறிப் போய் மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். நடக்காத கால், காலை வேளைக் கால். வீங்காத காலுக்குப் புதுசு வார்த்தது போல இருந்ததாம். சந்தோஷமாகச் சொன்னார்.

சரி, வாங்கியதுதான் வாங்கியாயிற்று, தினம் போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் நடங்கள், தோல் பழகட்டும் என்று கெஞ்சினேன். அதற்கும் தடை. புதுசு, நாள் பார்த்துத்தான் போட வேண்டுமாம். ஊர்க் கண் வேறு படுமாம். தோல் சாமான் வீட்டுக்குள் ஆகாது என்று மாட்டுக்கொட்டகை விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டார் மாமியார். புறப்படும் நாள்வரை அது அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது. சாணி அள்ளப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். மினுக்குக் குறையவே இல்லை.

நல்ல நாளில், நல்ல நேரத்தில், புது பூட்ஸ் போட்டுக்கொண்டு கிளம்பினார். ரயிலடிக்குள் போகும்போதே விந்தியதை நான் பார்த்தேன். மாமியார் கற்பூரம் கொளுத்திக்கொண்டிருந்தார்.

மலையில் ஏறினார்கள். முதலில் கொப்புளம், பிறகு புண், பிறகு மழைத் தண்ணீர் இறங்கிச் சீழ். சொன்னால் அனுப்பிவிடுவார்கள் என்று மறைத்துக்கொண்டே சங்கிலி இழுத்திருக்கிறார். கடைசியில் இரண்டு பேர் தோளில் தூக்கி இறக்கினார்கள். ஆஸ்பத்திரியில் வலது காலின் முன்பாதியை எடுத்துவிட்டார்கள்.

வேலை சித்தப்பா மகனுக்கு நிலைத்தது. நாங்கள் திருப்பிக் கொடுத்த பட்டாளத்து பூட்ஸை வாங்கிக்கொண்டு போனது அவர்தான். தாய் இல்லை, பெண்டாட்டி இல்லை, தடுக்க ஆள் இல்லை. லீவில் வந்தால் எங்கள் வாசல் வழியாகத்தான் போவார். தெரு முனையிலேயே ஆணிச் சத்தம் கேட்கும். எந்தச் சனியும் அவரைப் பிடிக்கவில்லை.

மாமியார் அப்போதும் விடவில்லை. "அந்தப் பாழாப்போன பட்டாளத்து பூட்ஸ்ல நீதான மொதல்ல கைய உட்ட? அந்தப் பீடதான் எம் புள்ள காலத் தின்னுட்ச்சு" என்று தெருவே கேட்கச் சொன்னார். வீட்டுக்காரர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதும் வாய் திறக்கவில்லை. கால் போனதைப் பொறுத்தேன். அதை நான் பொறுக்கவில்லை, இன்றுவரை.

வயிறு இருக்கிறதே. கருவேலங்காட்டில் விறகு வெட்டப் போனேன். முள் தைத்துத் தைத்து நடக்க முடியவில்லை. ஒரு விடியலில் கொட்டகை விட்டத்திலிருந்து அந்தப் புது பூட்ஸை அவிழ்த்தேன். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளே மாமியார் அதை மறுபடியும் அங்கே கட்டியிருந்தார். கிழிந்த புடவையைக் காலில் சுற்றிக்கொண்டு மாட்டினேன். நாள் பார்க்கவில்லை.

தண்ணீர்க் குடத்தோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். "இன்னாமே, பட்டாளத்துல சேந்துட்டியா?"

"சேந்துட்டேன். உன் ஊட்டு அடுப்புக்கு வெறகு வோணும்னா சலாம் போடு."

முதலில் எனக்கும் கடித்தது. கடித்த இடத்தை இரவில் நனைத்து, விளக்கெண்ணெய் தடவி, மறுநாளும் நடந்தேன். அடுத்த மழைக்குள் தோல் இளகிவிட்டது. பாயைச் சும்மா சொல்லக் கூடாது, நல்ல தையல்தான்.

ஒரு நாள் விறகை இறக்கிவிட்டுக் கால் கழுவப் போனேன். திரும்பி வந்தபோது அவர் ஒரு பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு, கடையில் நான் வளைத்துப் பார்த்தது போலவே வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"இப்போ நல்லா வளையுது" என்றார்.

"நடந்தா வளையும்" என்றேன்.

முறத்தின் சத்தம் நின்றது. நான் கையை நீட்டினேன். கொடுத்தார். மாட்டிக்கொண்டு இரண்டாம் நடைக்குக் கிளம்பினேன்.