ஏலத்தோட்ட ஜீப் கிளம்ப மறுத்த நாட்கள்

டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து, காலைத் தூக்கிச் சீட்டின் மேல் போட்டுக்கொண்டு மல்லாந்து கிடப்பதுதான் என் பிழைப்பு. ஐம்பதைத் தாண்டிய பிறகு உள்ளே நுழைவது சுலபம், வெளியே வருவதுதான் பெரும்பாடு. கம்பத்தில் இருக்கும் என் ஆட்டோ எலெக்ட்ரிக் கடைக்கு வருபவற்றில் பாதி, மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிப் போகும் ஜீப்கள்.

இப்போதைய ஜீப்களுக்கு இரண்டு காவல்காரர்கள். ஒன்று, கம்பெனியிலேயே வைத்து அனுப்பும் இம்மொபிலைசர். சாவியின் தலைக்குள் ஒரு சின்ன சிப் இருக்கும். சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள வளையம் அதைப் படித்தால்தான் இன்ஜின் ஓடும். இன்னொன்று, வாங்கியவர் ஆசைப்பட்டு வெளிக்கடையில் மாட்டிக்கொள்ளும் அலாரம். இவற்றிடம் மாட்டிய திருடனை நான் இதுவரை பார்த்ததில்லை. சொந்தக்காரனைத்தான் இரண்டும் சேர்ந்து படுத்துகின்றன. மலையில் பனி இறங்கினால் பானெட் சுவிட்ச் துருப்பிடிக்கும், கதவு சுவிட்சில் சேறு ஏறும், கொண்டை ஊசி வளைவில் காரணமே இல்லாமல் அலாரம் ஊளையிடும். டிரைவர் எரிச்சலில் கைக்குக் கிடைத்த வயரைப் பிடுங்குவார். பிறகு என்னிடம் வந்து, "ஒண்ணுமே செய்யலண்ணே, அதுவா நின்னுருச்சு" என்பார். இதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

போன ஆண்டு மழைக்காலத்தில் அனுமந்தன்பட்டியிலிருந்து கயிறு கட்டி இழுத்துவரப்பட்ட ஜீப்பின் சொந்தக்காரி அப்படிச் சொல்லவில்லை.

"அவுகளுக்கு மனசிருந்தா கிளம்புதுண்ணே. இல்லைன்னா கிளம்ப மாட்டேங்குது" என்றாள்.

அவுக என்றது அவள் கணவரை. அந்த ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தவர், சில மாதங்களுக்கு முன் நெஞ்சுவலியில் போய்விட்டார். உயிரோடு இருந்தபோது அவளுக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார். காரியம் முடிந்த கையோடு அவளே ஸ்டியரிங்கைப் பிடித்து, அதே பெண்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய்வர ஆரம்பித்தாள். அன்றிலிருந்துதான் இந்தக் கோளாறு. ஸ்டார்ட்டர் சுற்றும், இன்ஜின் பிடிக்காது, டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு படபடவென்று மின்னும்.

கூடவே அவள் கொழுந்தனும் வந்திருந்தான். அவன் கெட்டவன் இல்லை. மனசார நம்பித்தான் பேசினான். "மதினி ஓட்டுறது அண்ணனுக்குப் பிடிக்கலைண்ணே. எங்கம்மாகூட மதினி சண்டை போட்ட அன்னைக்குக் கிளம்பல, அமாவாசைக்குக் கிளம்பல. பயமா இருக்கு. கடமலைக்குண்டுப் பார்ட்டி ஒருத்தரு நாளைக்கு வண்டி பாக்க வாராரு. குடுத்துருவோம்."

அவள் என்னைப் பார்த்தாள். "இன்னைக்குச் சரியாகலைன்னா குடுத்துடுறேன்னு சொல்லிட்டேண்ணே. அவுகளே வேணாங்கும்போது நான் என்ன செய்ய?"

எனக்குக் கோபம்தான் வந்தது. வயர் கோளாறுக்கு ஆவியை இழுத்தால் நான் எந்த மீட்டரை வைத்துச் சோதிப்பது? டேஷ்போர்டுக்கு அடியில் நுழைந்தேன்.

முதலில் அலாரத்தைத்தான் சந்தேகப்பட்டேன். கறுப்பு டேப் சுற்றிய ஒட்டு வயர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. ஒவ்வொன்றாகப் பிரித்து அலாரத்தை முழுசாகக் கழற்றி வைத்தேன். கிளம்பவில்லை. பேட்டரி நன்றாக இருந்தது. எர்த் வயரைச் சுரண்டி முறுக்கினேன். பியூஸ் எல்லாம் சரி. வளையத்தின் வயரில் ஒரு முறிவும் இல்லை. ஒரு முறை சாவியைத் திருப்பியபோது பட்டென்று கிளம்பியது. சந்தோஷப்பட்டு அணைத்துவிட்டுத் திருப்பினால் பழையபடி விளக்கு மின்னியது. எப்போதுமே கிளம்பாத வண்டியைச் சரிசெய்துவிடலாம். சில நேரம் கிளம்பும் வண்டிதான் ஆளைக் கொல்லும். கழுத்து பிடித்துக்கொண்டது. இதைக் கடமலைக்குண்டுக்காரர் தலையில் கட்டிவிட்டால் எனக்காவது நிம்மதி என்றுகூட நினைத்தேன்.

"இன்னொரு சாவி எங்க தாயி?"

"அது பீரோவுலேயே கெடக்குண்ணே. அதை நான் எடுக்குறதில்ல."

கொழுந்தனை அனுப்பினேன். முணுமுணுத்துக்கொண்டே பைக்கில் போய் எடுத்துவந்தான். அந்தச் சாவியைப் போட்டதும் கிளம்பியது. அணைத்தேன், திருப்பினேன், கிளம்பியது. திரும்பத் திரும்ப அதையே செய்தேன். ஒரு தடவைகூட மறுக்கவில்லை.

அப்போதுதான் அவளுடைய சாவியைக் கையில் வாங்கி ஒழுங்காகப் பார்த்தேன். அதன் தலை ஒரு சிவப்புத் துணிக்குள் வைத்துத் தைக்கப்பட்டிருந்தது. எங்கள் பக்கத்தில் சாவியில் எதையாவது கட்டாதவர்கள் குறைவு. தாயத்து, மாதா படம், குலசாமி கோவில் கயிறு என்று தினமும் பார்ப்பதால் அதை நான் கண்டுகொள்ளவே இல்லை. துணி மட்டுமானால் சிப்பை ஒன்றும் செய்யாது. ஆனால் அமுக்கிப் பார்த்தபோது உள்ளே கெட்டியாக ஏதோ நெருடியது.

"உள்ள என்ன தாயி?"

அவள் கொழுந்தனை ஒரு முறை பார்த்துவிட்டுத் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். வெள்ளி அரைஞாண். கணவர் உடம்பைக் குளிப்பாட்டும்போது இடுப்பிலிருந்து கழற்றித் தந்தது. சாவித் தலையில் இடம் விடாமல் சுற்றியிருந்தாள். அவர் துணை வண்டியிலேயே இருக்கட்டும் என்று செய்தது. வண்டி கிளம்பாத ஒவ்வொரு முறையும், கோபம் தணியட்டும் என்று வேண்டிக்கொண்டு, தையலைப் பிரித்து அதை இன்னும் இறுக்கிச் சுற்றித் தைத்திருக்கிறாள். அரைஞாண் நெகிழ்ந்தால் வளையம் சிப்பைப் படித்துவிடும். இறுக்கினால் வெள்ளி மறைத்துவிடும். அவ்வளவுதான் விஷயம்.

அதைச் சொல்லி, சுற்றைக் கழற்றிச் சாவியைப் போட்டேன். உடனே கிளம்பியது. கொழுந்தன், "பார்ட்டியை வரவேணாம்னு சொல்லிடுறேன் மதினி" என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். சாவியை என்னிடமிருந்து வாங்கி, அரைஞாணைத் தன் கையால் மறுபடி சுற்றி, இறுக்கி, போட்டுத் திருப்பினாள். விளக்கு படபடவென்று மின்னியது. கழற்றிவிட்டுத் திருப்பினாள். கிளம்பியது.

"அப்ப அவுக இல்லையாண்ணே?"

"இல்ல தாயி. வெள்ளிதான்."

இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். கணவரைக் கொண்டுபோன அன்றுகூட இவள் இப்படி அழவில்லை என்று கொழுந்தன் பின்னால் என்னிடம் சொன்னான்.

"விடியக்காலம் வண்டி நிக்கிறப்பெல்லாம் அவுகளை வைவேன், கெஞ்சுவேன். கிளம்பிட்டா சமாதானம் ஆயிட்டாகன்னு நெனப்பேன்" என்றாள். "இனி நான் யாருகிட்டண்ணே சண்டை போடுவேன்?"

பேட்டரி இன்னும் ரெண்டு வருஷம் வரும் என்று சொன்னேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டாள். இத்தனை வருஷத்தில், ஒரு வண்டி சரியாகிவிட்டதே என்று நான் வருத்தப்பட்டது அன்று ஒருநாள்தான்.