தொத்தாத புண்

கன்னத்தில் வந்திருப்பது புற்று என்று டாக்டர் சொன்னபோதுகூட நான் அழவில்லை. சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதித்துவிட்டு, "மேல்தோலோட நிக்குது, கத்தி வைக்கண்டாம், களிம்பு போட்டா போதும்" என்றார். "புண்ணாகும், பொருக்கு கட்டும், எரியும். எரிஞ்சா மருந்து வேலை செய்யுதுன்னு நெனச்சுக்கிடுங்க. யாருக்கும் ஒட்டாது." என்னை அழவைத்தது புற்றல்ல, மைனி.

மைனி என்றால் என் வீட்டுக்காரரின் அக்காள். சுனாமிக்குப் பிறகு கிடைத்த குடியிருப்பில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். வீட்டுக்காரர் மஸ்கட்டில். நான் தையல்காரி. ஈஸ்டர் முடிந்து, பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு ஊர்ப் பெண்பிள்ளைகளின் வெள்ளை உடுப்பெல்லாம் என் மிஷினில்தான் தைப்பது. வருஷத்தில் என்னை ஊர் தேடி வருவது அப்போதுதான்.

தவக்காலம் தொடங்கிய வாரம் களிம்பையும் தொடங்கினேன். கையுறை போட்டு, கண்ணில் படாமல், அந்த இடத்தில் மட்டும் தடவ வேண்டும். தடவும்போதெல்லாம் கண்ணாடியைப் பார்த்து, "சாவு சவமே, வெந்து சாவு" என்று அந்தப் புற்றைத் திட்டுவேன். சில நாளில் கன்னம் சிவந்து வெடித்து நீர் கசிந்தது. காந்தல் என்றால் அப்படியொரு காந்தல், மிளகாயை அரைத்து அப்பியதுபோல. வெயில் படக்கூடாதென்று சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டுதான் தண்ணீர்க் குழாய்க்குப் போவேன்.

அங்கேதான் மைனி பார்த்தாள். "ஏட்டி, மூஞ்சியில என்னட்டி அது?"

"மருந்து போட்டு வந்த புண்ணு மைனி. ஒட்டாது."

"மருந்து போட்டா புண்ணு ஆறும். ஒனக்கு மட்டும் புண்ணு வருதாக்கும்!"

கேட்டதோடு விட்டாளா? வீடு வீடாக ஏறி இறங்கி, "அது தொத்து தீனமாக்கும். அவ தொட்ட துணியில பிள்ளையளுக்கு ஒட்டிரும்" என்று ஓதிவிட்டாள். தாய்மார் ஒவ்வொருத்தியாக வந்து, படியேறாமல் நின்று, வெட்டாத துணியைத் திருப்பி வாங்கிப் போனார்கள். கடைசியாக வந்தவள் விரல்நுனியால் பிடித்துக்கொண்டு போனாள். அன்றைக்கு நான் அழுத அழுகை! நாசமாய்ப் போவாள் என்று வாய்விட்டே சபித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்றுதான் சபித்தேன்.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. கோயிலில் சிலுவையில் பாடுபட்ட சுரூபத்தின் பாதத்தில் எல்லோரும் வரிசையில் போய் உதடு வைத்து முத்தி செய்ய வேண்டும். முத்தி செய்யாமல் திரும்புகிறவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. நான் தூணோரம் காத்திருந்து, மைனி வரிசைக்கு வந்ததும் அவளுக்கு முன்னால் புகுந்தேன். தலைப்பை இறக்கித் தோளில் போட்டேன். புண் எல்லோருக்கும் தெரிய, ஆற அமரக் குனிந்து முத்தி செய்தேன்.

சுரூபத்துப் பக்கத்தில் நின்ற கோயில் உபதேசியார் வழக்கம்போலப் பாதத்தைத் துணியால் துடைத்தார். "நல்லா அமத்தித் தொடையும்" என்று மைனி அவரிடம் முணுமுணுத்தாள். பக்கத்தில் நின்ற பங்குச் சாமியாருக்கு முன்னாலிருந்த மைக் அதைக் கோயில் முழுக்கக் கேட்கவைத்துவிட்டது.

நான் நகரவில்லை. "மைனி, ஒட்டும்னு பயமிருந்தா முத்தி செய்யாம போங்க" என்றேன். அதுவும் மைக்கில் போனது.

கோயிலே அவளைப் பார்த்தது. திரும்பிப் போனால் சுரூபத்தை அவமதித்தவள். முத்தி செய்தால், ஊரெல்லாம் அவள் போய்ச் சொன்னது பொய் என்றாகும். பின்னால் நின்றவர்களை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். கடைசியில் குனிந்து, உதட்டை வைத்தாள். ஆண்டவர் பாடுபட்ட நாளில் எனக்குக் குளுகுளுவென்று இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

மறுநாளே துணிகள் திரும்பி வந்தன. கொண்டுவந்த தாய்மாரை முற்றத்து வெயிலில் நிற்கவைத்துத்தான் வாங்கினேன். கன்னம் பிறகு ஆறிவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, இனி ஒன்றுமில்லை என்றார்.

"பழசையெல்லாம் மறந்திருட்டி" என்கிறாள் மைனி. "சரி மைனி" என்பேன். ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் அவள் எந்த வரிசையில் நிற்கிறாள் என்று பார்த்து, அவளுக்கு முன்னால் போய் நிற்கிறேன்.